ஃபால்அவுட் 3-இன் பச்சை: மனநிலையா, ட்யூப்லைட்டில் சுற்றிய கலர் காகிதமா?

தகரடப்பா:

போன வாரம் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல வந்தது. ஊருக்குப் போகாமல் அணுகுண்டுப் போரில் அழிந்த அமெரிக்காவில் நடக்கும் ஃபால்அவுட் 3 கேமை மறுபடி நிறுவினேன், ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ. இந்த முறை ஒரே ஒரு வித்தியாசம். வெளியெங்கும் படிந்திருக்கும் அந்தப் பச்சைச் சாயத்தை எடுத்துவிடும் ஃபெல்அவுட் என்ற மோடையும் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றம்) போட்டுக்கொண்டேன்.

வால்ட் 101 என்ற நிலத்தடிப் புகலிடத்தின் கதவு திறந்து, வெளிச்சத்தில் கண் கூசி, மெல்லப் பார்வை தெளிந்து கீழே ஸ்பிரிங்வேல் என்ற இடிந்த ஊர் தெரியும் இடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பத்தொன்பது வருஷம் பூமிக்கடியில் வளர்ந்தவன் வானத்தைப் பார்க்கிறான். மோடோடு பார்த்தால் வானம் நீலம், மண் மண்ணாகவும் துரு துருவாகவும் இருக்கிறது. முதல் அரைமணி நேரம் 'அடடா, இத்தனை நாள் அழுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டா விளையாடினோம்' என்றுதான் தோன்றியது. அப்புறம் சூப்பர் டூப்பர் மார்ட் பக்கம் போகும்போது எதுவோ குறைகிற மாதிரி பட்டது. பயம் போய்விட்டது. அணுகுண்டு விழுந்த வாஷிங்டனில் நடப்பது போல இல்லை, ஆயுத பூஜை மறுநாள் பூட்டிக்கிடக்கும் தொழிற்பேட்டையில் நடப்பது போல இருந்தது.

அதனால் கேட்கிறேன். அந்தப் பச்சைதான் விளையாட்டின் மனநிலையா? அல்லது திருவிழாவுக்கு ட்யூப்லைட்டில் கலர் காகிதம் சுற்றுவது போல மேலோட்டமான வேலையா, நாம்தான் பழகிப்போய் அதையே உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டோமா?

ஈயக்குண்டு:

காகிதம்தான். சந்தேகமே வேண்டாம்.

2008-ஐ நினைத்துப் பாருங்கள். அப்போது வந்த பாதி கேம்கள் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். பழுப்பு, சாம்பல், அதற்கு மேல் கொஞ்சம் ஒளி வழியும் எஃபெக்ட். 'சீரியஸ்' என்றால் நிறத்தைப் பிழிந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பழுப்புக்குப் பதில், இந்த கேமைச் செய்த பெதஸ்டா நிறுவனம் பச்சையைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, அன்றைய கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இல் மொத்த நினைவகமே 512 எம்பி. அதில் ஒரு நகரத்தையே திறந்தவெளியாக ஓட்ட வேண்டும். தூரத்தில் இருப்பதைப் புகையிலும் சாயத்திலும் கரைத்துவிட்டால் வேலை குறைவு. நாம் அதற்கு 'சூழல்' என்று பெயர் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

ராத்திரிபஸ்:

அண்ணே, பாதி சரி. பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான், கலர் கிரேடிங் தினமும் கையில் புழங்கும் சமாச்சாரம். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தின் மேல் ஒரே சாயத்தை ஏற்றினால் இரண்டு காரியம் நடக்கும். முதலாவது, நிறங்களுக்கு இடையில் உள்ள தூரம் சுருங்கும். சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் எல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிடும். என் வேலையில் நாலு கேமராமேன் நாலு விதமாக எடுத்துத் தருவதை ஒரே கல்யாணமாக ஒட்டவைக்க நானும் அதைத்தான் செய்கிறேன். கேமிலும் அப்படியே. யார் யாரோ தனித்தனியாகச் செய்த பாறை, கார், சுவர், எலும்புக்கூடு எல்லாம் ஒரே காற்றில் கிடப்பது போல ஆகிவிடும். இதை ஏமாற்று என்று ஒதுக்க முடியாது, தொழில் தெரிந்தவன் செய்யும் வேலை.

இரண்டாவதுதான் ஆபத்து. நிறத்தின் தூரம் சுருங்கினால் கண் சீக்கிரம் பழகிவிடும். பச்சைக் கண்ணாடி போட்டுப் பத்து நிமிஷம் நடந்தால் உலகம் பச்சையாக இருப்பதே மறந்துபோகும், கழற்றும்போதுதான் தெரியும். எண்பது மணி நேரம் ஓடும் கேமில் முதல் மணி நேரம் மட்டும் வேலை செய்யும் உத்தி அது. தகரடப்பா, உங்களுக்குப் பயம் குறைந்ததற்கு நீல வானம் காரணம் என்கிறீர்கள். ஏழாவது தடவை விளையாடுவதுதான் காரணம் என்று நான் சொல்வேன் :)

கரிச்சான்:

எல்லோரும் மூன்றாம் பாகத்திலிருந்தே தொடங்குகிறீர்கள், கிழவனுக்குக் கொஞ்சம் வலிக்கிறது.

1997-இல் வந்த முதல் ஃபால்அவுட்டுக்கு 640-க்கு 480 திரை, மொத்தமே 256 நிறம். அந்த 256-இல் பெரும்பகுதி மணலும் துருவும். அதன் மேல் ஃபில்டர் போட வழியே இல்லை, இருக்கிற நிறமே அதுதான். அமிலக் குட்டையும் நெருப்பும் மினுங்குவதுகூடத் தனி அனிமேஷன் கிடையாது. நிறப்பட்டியலில் சில இடங்களை மட்டும் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் அந்தப் பச்சைக் குழம்பு மட்டும் உயிரோடு இருப்பது போல நெளியும். சுற்றிலும் எல்லாம் செத்துக் கிடக்க, விஷம் ஒன்றுதான் அசையும். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அந்த அளவு சிக்கனமாக மனநிலையை உண்டாக்குவது கஷ்டம்.

ஆனால் நான் சொல்ல வந்தது நிறம் இல்லை. அந்த முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். பழைய டிவிப் பெட்டி, அதில் கார் விளம்பரம், இங்க் ஸ்பாட்ஸ் என்ற பாடகர் குழு 1940-இல் பாடிய பாட்டு ஒன்று. திரை பின்னால் போகப் போகத்தான் டிவி எங்கே இருக்கிறது என்று தெரியும், சுவரே இல்லாத ஊர். அந்த டிவியிலேயே கவசம் போட்ட சிப்பாய் மண்டியிட்டவனைச் சுட்டுவிட்டு கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுவான். ஐம்பதுகளில் அமெரிக்கா தன் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்ததோ, அந்தக் கற்பனை உலகத்தின் மேல் குண்டு விழுந்தது என்பதுதான் முதல் பாகத்தின் கலை இயக்குநர் லெனார்ட் போயார்ஸ்கி பிடித்த நூல். சிரித்துக்கொண்டு கண்ணடிக்கும் தொடரின் சின்னமான கார்ட்டூன் பையன் வால்ட் பாயும் அவர் உருவாக்கியவன்தான். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு எத்தனை வாளி பச்சை ஊற்றினாலும் வெறும் பாலைவனம்தான் மிஞ்சும்.

உபரியாக ஒரு தகவல். முதல் பாகத்துக்கு அவர்கள் விரும்பியது அதே குழுவின் வேறொரு பாட்டு, உரிமைத் தொகை அதிகம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டைத்தான் பதினோரு வருஷம் கழித்து பெதஸ்டா மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் போட்டது.

சாம்பல்பூனை:

நான் நான்காம் பாகத்தில் சேர்ந்தவள், திட்டுவதானால் இப்போதே திட்டிவிடுங்கள்.

2015-இல் ட்ரெய்லர் வந்தபோது 'இவ்வளவு கலரா, இது என்ன பொம்மைக் கடையா' என்று எங்கு பார்த்தாலும் புலம்பல். கதை நடக்கும் பாஸ்டனுக்கு நீல வானம் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு அந்த நீலம்தான் பிடித்தது, காரணம் சொல்கிறேன். தெளிந்த வானத்தில் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று கதிர்வீச்சுப் புயல் வரும், எல்லாம் பச்சையாகும், இடி இடிக்கும், கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுண்டர் கிறுகிறு என்று கத்தும். ஓடிப்போய் ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே நிற்பேன். எப்போதும் பச்சையாகவே இருந்தால் அந்தப் புயலுக்கு என்ன மரியாதை? தென்மேற்கு மூலையில் குண்டு விழுந்த கிளோயிங் சீ பகுதியும் அப்படித்தான். அங்கே போய்த்தான் உலகம் மஞ்சளும் பச்சையுமாக அழுகிப்போயிருக்கும். ஒரு மூலையில் மட்டும் வைத்ததால்தான் அது கனவில் வருகிறது.

எல்லோரும் மிதிக்கும் ஃபால்அவுட் 76-ஐப் பற்றியும் ஒன்று. கதை நடப்பது போர் முடிந்து இருபத்தைந்தே வருஷத்தில், மேற்கு வர்ஜீனியாவில். மலை முழுக்க இலையுதிர்காலச் சிவப்பும் ஆரஞ்சும், அவ்வளவு அழகு. 2018-இல் வெளிவந்தபோது அந்த அழகுக்குள் பேச ஒரு மனிதன்கூடக் கிடையாது. வீடு வீடாகப் போனால் கடிதமும் ஒலிநாடாவும் மட்டும்தான், எழுதினவர்கள் பேசினவர்கள் யாரும் உயிரோடு இல்லை. 2020-இல் ஒரு அப்டேட்டில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான், கேமாகப் பார்த்தால் அது தேவைதான். ஆனாலும் அந்தக் காலி மலையை நான் தேடுகிறேன்.

ஈயக்குண்டு:

சாம்பல்பூனை சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வருஷத்தில் காடு இருக்கிறது, சரி. மூன்றாம் பாகம் நடப்பது 2277-இல், குண்டு விழுந்தது 2077-இல். இருநூறு வருஷமாக ஒரு புல்கூட உருப்படியாக முளைக்கவில்லையா? செர்னோபிலில் 1986-இல் உலை வெடித்தது, இன்று அங்கே ஓநாய்கூட இருக்கிறது, பக்கத்தில் ஆள் காலிசெய்த பிரிப்யாட் நகரக் கட்டடங்களுக்குள் மரம் வளர்ந்து நிற்கிறது. ஹிரோஷிமாவில் கருகிப்போன கிங்கோ மரம் அடுத்த வசந்தத்திலேயே துளிர்த்தது.

நான் ராமநாதபுரத்துக்காரன். ஆள் விட்டுப்போன நிலம் எப்படி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ரெண்டு வருஷம் கவனிக்காமல் விட்டால் சீமைக்கருவேலம் வாசல்படி வரைக்கும் வந்துவிடும், ஐந்து வருஷத்தில் வீடே தெரியாது. மனிதன் போன இடம் காலியாக இருக்காது. நம்மை மறந்துவிட்டு அது பாட்டுக்குத் தழைக்கும், அதுதான் உண்மையில் வயிற்றைக் கலக்கும் விஷயம்.

கரிச்சான்:

அது பாடப்புத்தக உண்மை, தம்பி. ஃபால்அவுட்டின் கதிர்வீச்சு ஐம்பதுகளின் மலிவு விலைப் பத்திரிகைகளில் வந்த கதிர்வீச்சு. எறும்பு மாட்டளவு ஆகும் உலகத்தில் வந்து புல் ஏன் முளைக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது.

ஈயக்குண்டு:

எறும்பு வளரலாம், புல் வளரக்கூடாதா அண்ணே?

கரிச்சான்:

:) சரி, தோற்றேன்.

உப்பளம்:

இவ்வளவு நேரம் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், காதை யாரும் தொடவில்லை.

முதல் இரண்டு பாகத்துக்கும் மார்க் மோர்கன் செய்த இசையை இசை என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். காற்று, இரும்பு உரசல், எங்கோ தூரத்தில் மந்திரம் போல ஒரு குரல். மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முதல் பாகத்தில் 'தி குளோ' என்ற இடத்துக்குக் கயிறு கட்டி இறங்குவோமே, அங்கே மாடி மாடியாகப் போனால் பிணமும் கணினியும்தான். எதிரி பெரிதாக யாரும் வர மாட்டான். ஆனால் அந்தச் சத்தம் காதில் இருக்கும் வரை கை மவுஸை விட்டு எடுக்காது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்றாம் பாகத்தைப் பச்சையோடு வைத்து, கேமுக்குள் வரும் ரேடியோவில் அறிவிப்பாளன் திரீ டாக் பேசிக்கொண்டிருக்க நடங்கள். பிறகு பச்சையை எடுத்துவிட்டு, ரேடியோவையும் பின்னணி இசையையும் நிறுத்திவிட்டு, வெறும் காலடிச் சத்தத்தோடு அதே இடத்தில் நடங்கள். எது தனிமையாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ராத்திரிபஸ்:

உப்பளம் சொன்னது நெற்றியில் அடித்த மாதிரி இருக்கிறது. நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். ரேடியோ நின்றதும் ஊர் பெரிதாகிவிட்டது.

சாயம் சரியாக வேலை செய்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சாயத்துக்கே எதிரி என்று ஆகிவிடும். அதே தொடரில் வந்த நியூ வேகாஸில் மொஹாவி பாலைவனம் முழுக்க ஒரு ஆரஞ்சு சாயல், கையில் கட்டியிருக்கும் பிப்-பாய் கணினியின் திரைகூட பச்சையை விட்டு மஞ்சளுக்கு மாறியிருக்கும். அது பாலைவன வெயில், அந்த ஊருக்குச் சொந்தமான நிறம். ராத்திரியில் எந்த மேட்டில் நின்று பார்த்தாலும் தூரத்தில் லக்கி 38 என்ற கேசினோவின் கோபுரம் மின்னும். இருட்டு இருப்பதால்தான் அந்த வெளிச்சத்துக்கு ஆசை காட்டும் பலம். சூதாட்ட ஊரின் குணம் முழுவதையும் ஒரு விளக்கை வைத்தே சொல்லிவிட்டார்கள், அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்தார் பதினெட்டு மாதத்தில் அவசரம் அவசரமாகச் செய்த கேம் அது என்பதை வேறு மறக்கக்கூடாது.

அதற்குக் கூடுதலாக வந்த டெட் மனி பகுதியில் சியர்ரா மாட்ரே என்று ஒரு கேசினோ. ஊர் முழுக்கச் செம்மேகம். அந்த மேகத்துக்குள் நின்றால் உயிர் குறையும். அங்கே சிவப்பு என்பது அலங்காரம் கிடையாது, தொட்டால் கொல்லும் பொருள். நிறத்தைப் பார்த்ததும் கால் தானாகப் பின்வாங்கும். மூன்றாம் பாகத்தின் பச்சை நம்மை ஒன்றும் செய்யாது. குறை அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மட்டுறுத்துநர்:

ஸ்டாக்கர் என்ற கேம் ஆர்பிஜியா (பாத்திரமேற்று விளையாடும் வகை) இல்லையா என்று கீழே ஓடிய பதினான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

உப்பளம்:

ஒரு வரி மட்டும், பிறகு போய்விடுகிறேன். 2007-இல் வந்த அந்த கேமில் நாலு பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தன் கிட்டார் வாசிக்கும் காட்சியை விட நல்ல அழிவுக்காட்சி எனக்குத் தெரியாது. ஆர்பிஜியோ இல்லையோ.

சாம்பல்பூனை:

நான் நேற்றே இதை எழுதியிருக்க வேண்டும். நியூ வேகாஸின் இன்னொரு கூடுதல் பகுதியான ஹானஸ்ட் ஹார்ட்ஸ் விளையாடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை வெளியாகும்.

யூட்டாவில் இருக்கும் ஜயன் தேசியப் பூங்காதான் களம். அந்தத் தொடரிலேயே இவ்வளவு அழகான இடம் இல்லை. செம்பாறை மலை, ஓடும் ஆறு, குடிக்கத் தண்ணீர், பச்சை மரம். மழையும் பெய்யும், மொஹாவியில் எத்தனை நாள் சுற்றினாலும் ஒரு துளி பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் தடவை மழை வந்தபோது நான் குவெஸ்டை விட்டுவிட்டுச் சும்மா நின்றேன்.

அந்தக் குகைகளில் ஒரு ஆளின் குறிப்புகள் கணினிகளில் கிடக்கும். ராண்டால் கிளார்க். குண்டு விழுந்த அன்று அவன் ஊருக்கு வெளியே இருந்தான், மனைவியும் மகனும் ஊருக்குள். அதற்குப் பிறகு அவன் ஜயனுக்கு வந்து பல வருஷம் தனியாக வாழ்கிறான். சாக நினைக்கிறான், தள்ளிப்போடுகிறான், கோபப்படுகிறான், கொல்கிறான், ஒருத்தியோடு சேர்கிறான், அவளையும் பிரசவத்தில் இழக்கிறான். கடைசிக் காலத்தில் எங்கிருந்தோ தப்பி வந்த ஒரு கூட்டம் குழந்தைகளைப் பார்க்கிறான். அவர்கள் முன்னால் வராமல், ஒளிந்திருந்தே சாமானும் புத்தகமும் வைத்துவிட்டுப் போகிறான். நாம் அங்கே போகும்போது இருக்கும் பழங்குடி அந்தக் குழந்தைகளின் வாரிசுகள். அவர்கள் கும்பிடும் சாமி இவன்தான், அது அவர்களுக்கே தெரியாது.

இதில் எந்த இடத்தில் பச்சை டின்ட் இருக்கிறது, சொல்லுங்கள். வானம் நீலம். ஆறு சலசலவென்று ஓடுகிறது. அந்த ஆளின் எலும்பு ஒரு மலை உச்சியில் கிடக்கிறது, பக்கத்தில் துப்பாக்கி, கீழே பள்ளத்தாக்கு. நான் அழுதேன். வெயில் அவ்வளவு நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, அதனாலேயே இன்னும் கொஞ்சம் அழுதேன்.

ஈயக்குண்டு:

இதைப் படித்துவிட்டு மறுபடி போடுகிறேன். நான் அந்தக் குறிப்புகளை ஒரு தடவைகூட முழுதாகப் படித்ததில்லை, ஆயுதம் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

கரிச்சான்:

ஆயுதம் நல்ல ஆயுதம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூனை எழுதியதற்கு ஒரு சேர்க்கை. அந்தக் கதை வேலை செய்வது அவன் அழிவை நேரில் பார்த்தவன் என்பதால். மற்ற இடங்களில் எல்லாம் அழிவு என்பது நமக்கு முன்பே நடந்து முடிந்த ஒன்று, மேடைக்குப் பின்னால் கட்டிய படுதா. பாத்திரங்களுக்கு அது பழகிப்போய்விட்டது, இருநூறு வருஷம் ஆயிற்றே. பார்க்கிற நமக்கு மட்டும்தான் அதிர்ச்சி. அந்தப் படுதாவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேசுவதற்கு முன்னால், அதைப் பார்த்து வருத்தப்பட அந்த உலகத்துக்குள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

ராத்திரிபஸ்:

நீயர் ஆட்டோமேட்டா என்ற வேறொரு கேமில் இதற்குத் தலைகீழ் ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டுகள் என்ற மனித உருவ இயந்திரங்கள் தங்கும் விண்வெளித் தளம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, பூமிக்கு இறங்கினால்தான் நிறம். அழிந்த நகரத்தில் பச்சைக்கொடி படர்ந்திருக்கும், அதுவும் வெளுத்துத் துவைத்த பச்சை. அழிந்த இடத்தில்தான் உயிர், பாதுகாப்பான இடத்தில் சவக்களை. அங்கே யார் யாருக்காக வருத்தப்படுகிறார்கள் என்பதுதான் கதையே, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

தகரடப்பா:

இழையைத் தொடங்கிவிட்டு நான்கு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், லீவு முடிந்துவிட்டது.

உப்பளம் சொன்னபடி ரேடியோவை நிறுத்திவிட்டு விளையாடினேன். ஃபெல்அவுட் மோடை எடுக்கவில்லை. மேற்கொண்டு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஜெர்மன்டவுன் போலீஸ் தலைமையகம் போனேன். குண்டு விழுந்த பிறகு அங்கே ஒரு மருத்துவ முகாம் போட்டிருக்கிறார்கள், ஒரு நர்ஸ் அந்த நாள்களைப் பற்றிக் கணினியில் எழுதி வைத்திருக்கிறாள். முன்பு விளையாடியபோதெல்லாம் கடகடவென்று தட்டிக்கொண்டு போன இடம்தான். இந்த முறை சத்தம் எதுவும் இல்லாததால் நின்று படித்தேன். சுற்றிலும் சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிற மேஜை. அந்தத் திரையின் எழுத்து மட்டும் பச்சை. மோட் அதைத் தொடுவதில்லை. வெளியெல்லாம் பச்சையாக இருந்த காலத்தில் அந்த எழுத்தின் நிறத்தை நான் கவனித்ததே இல்லை, இப்போது கண்ணில் பட்ட ஒரே பச்சை அந்தப் பெண் எழுதின வரிகள்தான்.

ராத்திரிபஸ்:

ஸ்கிரீன்ஷாட் போடுங்கள் சார், அப்படியே ஃப்ரேம் போட்டு மாட்டுகிறேன்.

தகரடப்பா:

எடுக்கலாம் என்று கையைக் கொண்டுபோகும்போது பின்னால் சூப்பர் மியூட்டன்ட் என்கிற ராட்சசன் ஒருவன் வந்துவிட்டான். ரேடியோவை நிறுத்தியிருந்ததால் அவன் காலடிச் சத்தம் முன்பே கேட்டிருக்க வேண்டும். படித்துக்கொண்டிருந்ததில் கேட்கவில்லை. கடைசியாக சேவ் செய்தது நாற்பது நிமிஷம் முன்னால்.